1793 செப்புக் காசுக்காக இன்னொரு முறை வீட்டை அடகு வைக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஐடி வேலை, வயது 47. பன்னிரண்டு வருடமாக அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளைச் சேர்க்கிறேன். கையில் 11 இருக்கின்றன. பெரும்பாலும் வீட்டின் மேல் எடுத்த ஹோம் ஈக்விட்டி கடனில் வாங்கியவை. அதில் இன்னும் 41,000 டாலர் பாக்கி, வட்டி 8.5%. இப்போது ஏலத்துக்கு வரும் 1793 சங்கிலி சென்ட், பெயர் பெற்ற சேகரிப்பாளர்கள் கை மாறி வந்தது. 38,000 வரை போகுமாம். பாதிப் பங்கு தருவதாகச் சொல்லும் சகலை, முழுப் பணத்தையும் என் கடனிலேயே எடுக்கச் சொல்கிறார். 2004இல் 4,14,000 டாலருக்குப் போன ஸ்ட்ராபெரி இலை சென்ட் (அதே 1793இன் இன்னொரு அரிய வகை), 2009இல் 8,62,500க்குப் போனதே என்கிறார். வாங்கலாமா?

பதில்: காசைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சங்கிலி சென்ட் 36,103 மட்டுமே அடித்தது, அதன் பின்புறத்துப் பதினைந்து வளையச் சங்கிலி சுதந்திரத்துக்கு அபசகுனம் என்று அப்போதே முணுமுணுத்தது, சில வாரங்களில் அதை எடுத்துவிட்டு மலர்வளையம் போட்டது எல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். எனக்கு உறுத்துவது அந்த 41,000தான். பன்னிரண்டு வருடமாகப் பெரும்பாலான காசுகளுக்கு வீட்டைத் தொட்டிருக்கிறீர்கள்.

சகலை சொல்லும் கணக்கை முதலில் பார்ப்போம். அவர் சொன்ன இரண்டு விலையிலும் வாங்குபவர் கட்டும் 15% கமிஷன் சேர்ந்திருக்கிறது. 8,62,500இல் அதைக் கழித்தால் ஏலத்தில் நின்ற விலை 7,50,000. 4,14,000 கொடுத்து வாங்கியவருக்கு, விற்பனைச் செலவு போகுமுன்பே, அதிகபட்சம் அவ்வளவுதான். நல்ல லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வகையில் தெரிந்திருப்பது நான்கே காசுகள், அதிலும் அவர் சொல்வது அவற்றில் மிகச் சிறந்த நிலையில் உள்ளது. உங்கள் சங்கிலி சென்ட் அரியதுதான், ஆனால் அந்த ஜாதி இல்லை.

இப்போது உங்கள் கணக்கு. 38,000க்கு ஏலம் முடிந்தால் 20% கமிஷனோடு 45,600. அதற்கு 8.5% வட்டி வருடம் 3,876. ஐந்து வருடத்தில் 19,380. ஆக அடக்க விலையே சுமார் 65,000. விற்கும்போது ஏல விலையில் 90% கைக்கு வரும் என்று வைத்தாலும், ஏலம் 72,200 வரை ஏற வேண்டும். அதாவது அடுத்து வாங்குபவர் கமிஷனோடு 86,600 கொடுத்தால்தான் உங்களுக்குக் கை கடிக்காது. அதுவும் வரிக்கு முன்னால். சேகரிப்புப் பொருள் லாபத்துக்கு 28% வரை வரி உண்டு. வீட்டை வாங்கவோ கட்டவோ மேம்படுத்தவோ எடுக்காத கடன் என்பதால், வீட்டுக் கடன் வட்டிக்கான சலுகையும் இல்லை.

பழைய சொந்தக்காரர்கள் பெயர் விலையை ஏற்றும். ஆனால் பழைய சென்ட்டுகளின் சொந்தக்காரர்களாக ஏலப் பட்டியல்களில் வரும் அந்தப் பெயர்களையும் கொஞ்சம் பாருங்கள். லோரின் பார்மலீ பாஸ்டனில் பீன்ஸ் விற்றவர். வெர்ஜில் பிராண்ட் சிகாகோ பீர் ஆலைக்காரர். 1926இல் இறந்தபோது மூன்றரை லட்சம் காசுக்கு மேல் விட்டுப்போனார், தம்பிமார் பிரித்துக்கொள்ளவே பெரும்பாடு பட்டார்கள். இவர்களுக்குக் காசு வாங்கத் தொழில் வருமானம் இருந்தது. வில்லியம் ஷெல்டன் கதை வேறு. காசு எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்ல இன்று எல்லோரும் பயன்படுத்தும் 70 புள்ளித் தர அளவை 1949இல் தந்தவரே அவர்தான். அந்தப் புள்ளிகளை வைத்து விலை போடும் சூத்திரமும் கொடுத்தார். அது நெடுநாள் தாங்கவில்லை. அவரே நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்துக்கு ஜார்ஜ் கிளாப் என்ற சேகரிப்பாளர் நன்கொடையாகக் கொடுத்த நல்ல சென்ட்டுகளை உருவிக்கொண்டு, தரம் குறைந்தவற்றை அங்கே வைத்தார். பின்னால் அவர் தொகுப்பை விலை கொடுத்து வாங்கிய ராய் நாஃப்ட்ஸ்கர், வழக்கில் தோற்றுக் கழகத்தின் காசுகளைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. உங்கள் காசின் பழைய சொந்தக்காரர் பட்டியலில் ஷெல்டன் பெயர் இருந்தால், கழகத்தின் பழைய படங்களோடு ஒத்துப் பார்த்தீர்களா என்று ஏல நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

சகலை விஷயம். பங்கு அவருக்கு, கடனும் கையெழுத்தும் உங்களுக்கு என்பதைப் பங்கு என்று நான் சொல்லமாட்டேன். பாதிப் பணம், 22,800, ஏலத்துக்கு முன் உங்கள் வங்கிக் கணக்கில் விழட்டும், அப்புறம் பேசலாம். அநேகமாக அத்தோடு பேச்சு நின்றுவிடும். செயலியில் காசின் நூறில் ஒரு பங்கு விற்கிறார்களே, அதற்கும் அவர் இழுப்பார், போகாதீர்கள். காசைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூட முடியாத சேகரிப்பு எதற்கு?

இந்த ஏலத்தை விடுங்கள். 11இல் இரட்டையாக இருப்பதையும், பெட்டியைத் திறந்தால் கண் நிற்காததையும் விற்று, வருவதை அப்படியே கடனில் கட்டுங்கள். இப்போது வட்டி மட்டுமே மாதம் 290 டாலர் போகிறது. அதோடு மாதம் 900 சேர்த்துக் கட்டினால், எதையும் விற்காவிட்டாலும் நாலு வருடத்துக்குள் தீரும். தீர்ந்ததும் அந்தக் கடன் கணக்கையே மூடச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். பிறகு அதே 1,190ஐ மாதாமாதம் தனியாகப் போட்டுவாருங்கள். சங்கிலி சென்ட் அப்போதும் ஏலத்துக்கு வரும்.