படிப்புக் கடனில் அத்தானுக்கு மனை

கேள்வி: அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறேன். ஒரு பப்ளிக் ஸ்கூலில் ஐந்து வருடம் ஆர்க்கெஸ்ட்ரா சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது மியூசிக் எஜுகேஷனில் மாஸ்டர்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அசிஸ்டன்ட்ஷிப் இருப்பதால் ட்யூஷனில் பாதி கழிகிறது, கொஞ்சம் சம்பளமும் வருகிறது. வருடத்துக்கு 8,000 டாலர்தான் துண்டு விழுகிறது. ஆனால் ஃபெடரல் (மத்திய அரசு) லோனை முழுசாக 20,500 எடுக்கிறேன். போன வருடம் மிஞ்சிய 12,500-ஐ ஊரில் மனை வாங்க அக்கா வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். இந்த செமஸ்டர் ரீஃபண்ட், அதாவது செலவு போக மிஞ்சிய லோன் பணம், ஏறக்குறைய 6,250 ஆகஸ்ட் கடைசியில் வந்தது. இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. தீபாவளிக்குள் அனுப்பச் சொல்கிறார் அத்தான். வேலைக்குத் திரும்பினால் மாஸ்டர்ஸுக்காகச் சம்பளத்தில் வருடம் 4,000 கூடும். லோனைத் தனியார் கம்பெனிக்கு மாற்றினால் வட்டி குறையுமாமே, மாற்றலாமா?

பதில்: வேண்டாம். அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன். உங்கள் சிக்கல் வட்டி விகிதத்தில் இல்லை. 8,000 தேவைப்படும் இடத்தில், கொடுக்கிறார்களே என்று 20,500-க்கும் 'அக்செப்ட்' தட்டுகிறீர்கள் பாருங்கள், அதில் இருக்கிறது. அந்தத் தொகை உங்கள் செலவைப் பார்த்து யாரும் கணக்குப் போட்டுச் சொன்னதல்ல. ஒரு கிராஜுவேட் மாணவர் வருடத்துக்கு வாங்கக்கூடிய அன்சப்சிடைஸ்டு (வட்டிச் சலுகை இல்லாத) லோனின் உச்சவரம்பு, அவ்வளவுதான்.

"படிப்புக் கடன்தானே, வேலைக்குப் போன பிறகு கட்டிக்கலாம்" என்று அத்தான் சொல்லியிருப்பார். தவணைதான் அப்புறம், வட்டி, பணம் வந்த அன்றே ஓட ஆரம்பித்துவிடுகிறது. படிக்கும் காலத்து வட்டியை அரசாங்கம் ஏற்கும் சலுகை கிராஜுவேட் மாணவர்களுக்கு 2012 ஜூலையோடு போய்விட்டது. 2024-25 கல்வியாண்டுக் கடனுக்கு 8.08 சதவீதம், 2025-26-க்கு 7.94. கொடுக்கும்போதே ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கட்டணம் வேறு பிடித்துக்கொள்கிறார்கள்.

தோராயமாகவே போடுவோம். படிப்பு முடிவதற்குள் நான்கு ரீஃபண்டும் ஊருக்குப் போனால் அசல் 25,000. படித்து முடித்து, ஆறு மாத அவகாசமும் கழிந்து முதல் தவணை வரும்போது வட்டி ஒரு 3,000 சேர்ந்திருக்கும். 28,000-ஐப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் 340 டாலர். இது மனைக்கான பங்கு மட்டும்; உங்கள் படிப்புக்கான கடன் தனி.

இப்போது அந்த 4,000-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். 333. அதுவும் வரி பிடிப்பதற்கு முன்னால். இரண்டு வருடம் வேலையை விட்டுப் படித்து வாங்கும் சம்பள உயர்வு மொத்தமும் பத்து வருடத்துக்கு அத்தானின் மனைக்குப் போகிறது. பத்திரம் யார் பெயரில் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த 4,000-கூட எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. வட கரோலினாவில் மாஸ்டர்ஸுக்கான கூடுதல் சம்பளத்தைப் புதிதாக வருகிறவர்களுக்கு 2013-லேயே நிறுத்த முடிவெடுத்துவிட்டார்கள். வேறு மாநிலத்துக்குப் போகும் யோசனை இருந்தால் அந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் சம்பள அட்டவணையை முதலில் பாருங்கள்.

இன்னொன்று. லோன் எடுக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட ப்ராமிசரி நோட்டில் (கடன் பத்திரத்தில்), பணத்தைப் படிப்புச் செலவுக்கு மட்டுமே பயன்படுத்துவேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள். யாரும் படித்துப் பார்ப்பதில்லை. இன்று ஒருமுறை படியுங்கள்.

இனி தனியார் கம்பெனி. பப்ளிக் ஸ்கூல் ஆசிரியருக்கு பிஎஸ்எல்எஃப் (பப்ளிக் சர்வீஸ் லோன் ஃபர்கிவ்னஸ்) என்று ஃபெடரல் லோனுக்கு ஒரு தள்ளுபடித் திட்டம் 2007-லிருந்து இருக்கிறது. அந்த வேலையில் இருந்துகொண்டே, வருமானத்தைப் பார்த்து மாதத் தவணை போடும் திட்டத்தில் 120 தவணை கட்டினால் மீதி தள்ளுபடி. தனியார் கடனுக்கு அது கிடையாது. ஒன்றிரண்டு சதவீத வட்டியைப் பார்த்து அந்த வாசலை அடைத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை போனால் திரும்பி வர முடியாது. இதை வைத்து "அரசாங்கமே தள்ளுபடி பண்ணிடும், இன்னும் எடு" என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். சாதாரண பத்து வருடத் திட்டத்தில் கட்டினால் 120-வது தவணையில் தள்ளுபடி செய்ய எதுவும் மிஞ்சாது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, "இன்னும் பேங்கில்தான் இருக்கிறது" என்பது. லோன் பணம் வந்த 120 நாளுக்குள் திருப்பிவிட்டால் அந்தப் பகுதிக்கு வட்டியும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆகஸ்ட் கடைசி என்றால் டிசம்பர் மூன்றாவது வாரம் வரை நேரம் இருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸில் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஜனவரி செமஸ்டருக்கு வரவேண்டியதை உங்கள் துண்டுக்கு எவ்வளவோ அவ்வளவாகக் குறைக்கச் சொல்லி அதே மெயிலில் எழுதிவிடுங்கள். இவ்வளவும் செய்தால் மனைக்கான தவணை 340-லிருந்து 175-க்கு இறங்கிவிடும். போன வருடம் போன 12,500-ஐ அக்காவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வரும் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அத்தான் போன் செய்தால், "இந்த வருஷம் லோனைக் குறைச்சுட்டாங்க அத்தான்" என்று சொல்லுங்கள். அது உண்மைதான். குறைக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கப்போவதில்லை.