தனி டம்ளரும் சாமி குத்தமும்

ஆலோசகர் அவர்களுக்கு,

கோபிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். தோட்டத்துக்குக் களை வெட்ட வரும் அக்காக்களுக்குத் தாழ்வாரத்தில் சொருகி வைத்திருக்கும் தனி டம்ளரில்தான் காபி. அத்தை ஊரில் இல்லாத ஒருநாள் வீட்டு டம்ளரிலேயே கொடுத்தேன். தெரிந்ததும், "குலசாமி குத்தம் ஆயிருங் கண்ணு" என்றார். கோபமில்லை, பயம். அடுத்த வாரமே பையனுக்குக் காய்ச்சல். படித்தவள்தான், கிருமி என்று தெரியும். ஆனாலும் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். தனி டம்ளர் மறுபடி வந்துவிட்டது. வீட்டுக்காரர், "பெரியவங்க சொல்றதைக் கேட்டுட்டுப் போ" என்கிறார். தனி டம்ளர் தப்பு என்று சொல்கிற மனசுதான், மீறினாலும் உறுத்துகிறது. எதை நம்ப? சரி, தப்பை நானே முடிவு செய்ய எனக்கென்ன உரிமை?

– பெயர் வேண்டாம், கோபி

அன்புச் சகோதரி,

சிறுவயதில் எதற்கெல்லாம் திட்டு வாங்கினோமோ அதற்கெல்லாம் உறுத்தல் வரும். செருப்போடு வாசற்படி தாண்டினாலும் வரும். ஒரு செயல் தவறு என்பதற்கு அதைச் சாட்சியாகக் கொள்ள முடியாது.

எது வெறும் வழக்கம், எது உண்மையிலேயே தவறு என்று பிரித்துப் பார்க்க எலியட் டூரியல் என்ற உளவியலாளரின் வழியில் ஒரு கேள்வி உண்டு: "பெரியவர்களே அனுமதித்துவிட்டால் செய்யலாமா?" சீருடை போன்ற விதி என்றால் செய்யலாம் என்கிறார்கள் குழந்தைகள். இன்னொரு பிள்ளையை அடிப்பது என்றால், பள்ளி சேராத வயதிலேயே, டீச்சர் அனுமதித்தாலும் தவறு என்கிறார்கள். பக்தியுள்ள கிறித்தவ, யூதக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் லாரி நூச்சி என்ற இன்னொரு உளவியலாளர் இன்னும் ஒருபடி மேலே போய், கடவுள் அப்படியொரு விதியே வைக்காவிட்டால் என்று கேட்டார். திருட்டும் அடியும் அப்போதும் தவறே என்றனர் பெரும்பாலோர்.

உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை கவிச்சி ஆகாது என்பதைப் பெரியவர்கள் விட்டால் விடலாம், யாருக்கும் நட்டமில்லை. தனி டம்ளரைச் சாமியே அனுமதித்தாலும் அந்த அக்காவுக்கு அவமானம் குறையுமா? அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது; அந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய நாளும் அது தவறாகத்தான் இருந்தது. உரிமை என்று கேட்டீர்கள். பெரியவர் சொல்லைக் கேட்பது என்று தீர்மானிப்பதும் நீங்கள்தானே?

இனிக் காரியம். வீட்டு டம்ளரில் கொடுக்கும்போது பயம் பத்துக்கு எத்தனை என்று குறியுங்கள்; இரவிலும் குறியுங்கள். களைவெட்டு நடக்கும் நாளெல்லாம் இப்படிச் செய்தால் எண் இறங்கும். பரிகாரம் மட்டும் கூடாது: காசு முடிவது, டம்ளரை இரண்டாம் முறை விளக்குவது. அன்றைக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் "முடிந்து வைத்ததால்தான் தப்பினோம்" என்று மனசு நம்பிக்கொள்ளும், பயம் இருந்த இடத்திலேயே இருக்கும். காய்ச்சல் வராத வாரங்களையும் எண்ணுங்கள்.

பேப்பர் கப் பலர் பிடிக்கும் குறுக்குவழி. சம்பந்தி வந்தாலும் அதுதான் என்றால் சரி. களை வெட்டுபவருக்கு மட்டும் என்றால், அதுவும் தனி டம்ளர்தான். கழுவும் வேலை மிச்சம்.

அத்தையிடம் நியாயம் பேச வேண்டாம், அவருடையது பேரன்மேல் உள்ள பயம். "குத்தம் வந்தா என்மேல வரட்டுங்க அத்தை" என்று முன்கூட்டியே, தனியாகச் சொல்லுங்கள். வேலைக்கு வந்தவர்கள் முன்னால் சண்டை வந்தால் கூலி போவது அவர்களுக்குத்தான். மாவிளக்கு, பொங்கல் எதையும் விட்டுவிடாதீர்கள்.

தாழ்வாரத்து டம்ளரை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். எட்டும் தூரத்தில் இருந்தால் அவசரத்தில் கை அதற்குத்தான் போகும்.