கரண்டியை எடுத்து வையுங்கள், பஞ்சை எடுங்கள்

மறதிநோய் முற்றிப் படுக்கையில் இருப்பவர்களை வீடுகளில் பராமரிக்கும் பிள்ளைகள் கேட்டவை இவை. பதினாறு வருடமாக மட்டக்களப்பு வீடுகளில் இதே வேலை பார்த்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

ஆரையம்பதி: அக்கா, நான் பார்க்கும் அம்மம்மா நாலு நாளாகக் கஞ்சியை விழுங்காமல் வாயிலேயே வைத்திருக்கிறார். ‘பட்டினி போடுறீங்களா’ என்று வெளிநாட்டிலிருக்கும் மகன் ஏசுகிறார். மூக்குக் குழாய் போடச் சொல்லட்டுமா?

முதலில் வாயைத் திறந்து பாருங்கள் தங்கச்சி. புண், வெள்ளை படிந்த நாக்கு, ஆடும் பல் இருக்கிறதா? மலம் போய் எத்தனை நாள்? காய்ச்சலா? இவற்றை டொக்டரிடம் சொல்லுங்கள், சரிசெய்யக்கூடியவை.

இவை ஒன்றுமில்லை என்றால், விழுங்கும் வேலையையே மூளை கைவிட்டுக்கொண்டு வருகிறது. பசியும் அடங்கிவிடும். இந்தக் கட்டத்தில் குழாய் போட்டு ஆயுள் நீண்டதாக ஆதாரமில்லை. எச்சில் நுரையீரலுக்குள் இறங்கிச் சளி கட்டுவதும் நிற்காது. குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டுவார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது.

நிமிர்த்தி இருத்தி, அடித்த தயிரை அரைக் கரண்டி கொடுங்கள். தொண்டை ஏறி இறங்கிய பிறகே அடுத்தது. இருமினால் நிறுத்திவிடுங்கள். ஊட்டி முடித்து அரை மணித்தியாலம் படுக்க வைக்க வேண்டாம். ஊட்டும்போது மகனுக்கு வீடியோ கோல் எடுங்கள். கண்ணால் கண்டால் ஏச்சு குறையும்.

காத்தான்குடி: மூத்தம்மாவுக்குக் கடைசி நேரம். மக்காவின் புனித ஸம்ஸம் தண்ணீர் பருக்க வருகிறவர்களைத் தடுக்கலாமா?

தடுக்க வேண்டாம். பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றச் சொல்லுங்கள். எங்கள் வீடுகளில் பால் பருக்குவதும் இப்படித்தான். ஒரு வீட்டில் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள், ஆளுக்கொரு கரண்டி பால். மூன்றாவது கரண்டியில் ஐயாவுக்குப் புரையேறி முகம் நீலம் பாய்ந்தது. அன்றிலிருந்து இப்படியான வீட்டுக்குப் போனால் கரண்டியை ஒளித்துவிட்டுப் பஞ்சுக் கிண்ணத்தைத் தலைமாட்டில் வைப்பேன்.

கல்முனை: 2004 சுனாமியில் போன மகனை அப்பப்பா தினமும் தேடுகிறார். உண்மையைச் சொல்வதா?

சொன்னால் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புதுச் சாவு. ‘மகன் என்ன மீன் கொண்டு வருவார்?’ என்று கேட்டுப் பாருங்கள். மகனைப் பற்றிப் பேசத்தான் பலருக்கும் ஆள் தேவை.

வாழைச்சேனை: பேச்சு நின்றவருக்கு வலிக்கிறதென்று எப்படித் தெரியும்? தொண்டையில் களகளவென்று சத்தமும் கேட்கிறது.

திருப்பும்போது நெற்றி சுருங்கும், முனகுவார், உங்கள் கையைத் தட்டிவிடுவார். கலண்டரில் நேரத்தோடு குறித்து டொக்டரிடம் காட்டுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது.

அந்தச் சத்தம் விழுங்க முடியாத எச்சில். கேட்கிற நமக்குத்தான் பயம், அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

அதே ஆள்: வீட்டிலேயே உயிர் போனால் யாருக்குச் சொல்வது?

கிராம சேவகருக்கு. அவருடைய அறிக்கையோடுதான் மரணப் பதிவு. இரவென்றால் விடியட்டும். அதுவரை சொந்தக்காரர்களைப் பக்கத்தில் இருக்க விட்டு, நீங்கள் குசினிக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.