பழைய மர முகமூடி ஆட்டத்துக்குப் பயன்பட்டதா, அலங்காரத்துக்குச் செய்ததா என்று எப்படிக் கண்டறிவது?

முகமூடியைக் கவிழ்த்து முதலில் உட்புறத்தைப் பாருங்கள். குமரி மாவட்டத் தக்கலையில் எங்கள் வீட்டு மச்சில் நெடுநாள் கிடந்த, கும்மாட்டி என்னும் கேரள ஆட்டத்துக்கான முகமூடி ஒன்றே எனக்கு இதைக் கற்றுத் தந்தது. தச்சு வேலைக்காகத் திருச்சூர்ப் பக்கம் சென்ற தாத்தா கொண்டுவந்த அது, 'தள்ள' எனப்படும் பொக்கைவாய்க் கிழவியின் முகம் (எங்கள் பக்கத்துத் தமிழிலும் தாயைத் தள்ளை என்பதுண்டு). ஓணத்தையொட்டித் திருச்சூரில், உடல் முழுவதும் பர்ப்பாடகப் புல்லைக் கட்டிக்கொண்டு, ஓணவில் என்னும் வில் வடிவ இசைக்கருவியின் தாளத்துக்கு வீடுவீடாக ஆடிச் செல்லும் கும்மாட்டிக்களியில் இந்தக் கிழவியோடு கிருஷ்ணன், நாரதர், தாரிகன் என்னும் அசுரன் முதலிய வேடங்களும் வரும்.

ஆடிய முகத்தின் உட்புறத்தில் நெற்றியும் மூக்குத்தண்டும் தாடையும் படும் இடங்கள் மட்டும் வியர்வை ஊறிக் கறுத்து வழவழப்பாக இருக்கும். மற்ற இடங்களில் உளி கொத்திய தடம் சொரசொரப்பாகவே நிற்கும். கயிறு கோக்கும் துளைகளும், கயிறு இழுபட்ட பக்கத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். விற்பனைக்காகச் சாயமோ புகையோ ஏற்றிப் பழையதாக்கிய முகத்திலோ உட்புறம் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். எடையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நெடுநேரம் அணிந்து ஆட வேண்டியிருப்பதால் குமிழ், முருக்கு போன்ற இலகுவான மரங்களைக் குடைந்து செய்வார்கள் என்பது உண்மையே. ஆனால் கனம் கூடிய பலாவிலும் செய்வதுண்டு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். பூச்சி அரித்த சிறு துளைகளிலிருந்து மாவு உதிர்ந்தால் மரம் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்; உடனே மற்ற மரப் பொருட்களிலிருந்து பிரித்து வையுங்கள்.

தயவுசெய்து எண்ணெய் பூச வேண்டாம். பளபளப்பு வரட்டும் என்று நான் ஒருமுறை தேங்காயெண்ணெய் தடவி வைத்தேன். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கும் எங்கள் மாவட்டத்து ஈரத்தில் அதன்மேல் பூசணம் பிடித்தது. பதறிப்போய்ச் சோப்புத் தண்ணீரில் கழுவியபோது, கன்னத்துச் சிவப்பு வண்ணம் பொருக்குப் பொருக்காகத் துணியோடு வந்ததுடன், உட்புறத்து வியர்வைக் கறையும் போய்விட்டது. இப்போது இடது தாடை படும் இடத்தில் நகத்தளவு கறுப்பு மட்டுமே எஞ்சியிருக்கிறது.