ஆய்வாளர் வர முடியாத பருவத்தில் அங்ககச் சான்று: கேள்வி பதில்

பதினோரு வருடம் அங்ககச் (ஆர்கானிக்) சான்று ஆய்வாளராக வரப்பு வரப்பாக நடந்தவள் நான். இப்போது கொங்குப் பகுதியில் சில உழவர் குழுக்களுக்கு உள் கட்டுப்பாட்டு வேலை, அதாவது குழுவே தன் உறுப்பினர்களின் தோட்டங்களைச் சோதித்துக் கணக்கு வைக்கும் ஐ.சி.எஸ்., பார்த்துக் கொடுக்கிறேன். 2021 மே மாதம் கொரோனா ஊரடங்கு மறுபடி வந்தபோது ஃபோன் ஓயவில்லை. அப்போது வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை, அன்று சொன்ன பதில்களோடு இங்கே எடுத்துக்கொண்டேன். இதில் வரும் விதிகளும் தேதிகளும் 2021 நிலவரம்.

அக்கா, கோபி பக்கம் 312 பேர் சேர்ந்த மஞ்சள் குழு எங்களுடையது. எந்த நிலம், எந்தப் பயிர் அங்ககம் என்று சொல்லும் ஸ்கோப் சான்றிதழ் ஜூலையில் முடிகிறது. ஆய்வுக்கு வர வேண்டியவர் வீட்டிலேயே எல்லோருக்கும் கோவிட். சான்று காலாவதி ஆகிவிடுமா?

நீங்கள் சும்மா இருந்தால் ஆகிவிடும். தேதி முடிவதற்கு முன்பே எழுதிக் கேட்டால் வழி உண்டு.

இந்த மாதிரி நேரத்துக்கு என்ன செய்வது என்பது கொரோனாவுக்கு முன்பே யோசித்து வைத்த விஷயம்தான். சான்றளிப்பு நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்புகளின் உலக மன்றமான ஐ.ஏ.எஃப்., 2011-லேயே ‘ஐ.டி.3’ என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. போர், வெள்ளம், பூகம்பம், வேலைநிறுத்தம் என்று அடுக்கும் அந்தப் பட்டியலில் கொள்ளைநோயும் இருக்கிறது. ஆய்வைத் தள்ளிப்போடலாம், ஆனால் வழக்கமாக ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் சாரம். போன வருடம் குளோபல்கேப் போன்ற தனியார் சான்றுத் திட்டங்களும் இதே ஆறு மாதக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டன. நம் நாட்டின் அங்கக உற்பத்தித் திட்டமான என்.பி.ஓ.பி., மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபெடாவின் கையில் இருக்கிறது. அங்கிருந்து வரும் சுற்றறிக்கையைப் பார்த்துத்தான் உங்கள் சான்றளிப்பு நிறுவனம் நகரும்.

மின்னஞ்சலில் ‘ஊரடங்கு, வர இயலவில்லை’ என்று ஒரு வரி போட்டால் போதாது. உறுப்பினர் பட்டியல், உள் ஆய்வு முடிந்த தோட்டங்கள், முடியாதவை, இந்தப் பருவ மகசூல் மதிப்பீடு, குடோன் இருப்பு, போன ஆய்வில் சொன்ன குறைகளைச் சரிசெய்ததற்கான ஆதாரம், இத்தனையும் சேர்த்து அனுப்புங்கள். நீட்டிப்பு தருகிறவர் உங்கள் ரிஸ்க் எவ்வளவு என்று முதலில் பார்ப்பார். வெளி ஆய்வுக்கு, அதாவது சான்றளிப்பு நிறுவனம் தானே பார்க்க, எடுக்கும் தோட்டங்களின் கணக்கும் ரிஸ்க்கை வைத்துத்தானே? 312-க்கு வர்க்கமூலம் போட்டால் 18 தோட்டம். ரிஸ்க் அதிகம் என்று முடிவானால் 1.4 ஆல் பெருக்கி 25 ஆக்கிவிடுவார்கள்.

இன்னொன்று. நீட்டிப்பு பழைய பட்டியலுக்கு மட்டும்தான். நடுவில் சேர்த்த புது உறுப்பினரையோ புதுக் காட்டையோ அதற்குள் நுழைக்கப் பார்க்காதீர்கள்.

நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மே மாதம் ஒரு சான்றளிப்பு நிறுவனத்திலிருந்து ‘நீட்டித்தாச்சு மேடம்’ என்று ஃபோனில் சொன்னார்கள். அதை நம்பி ஒன்பது டன் மஞ்சளை லாரியில் ஏற்றிவிட்டோம். அபெடாவின் கணினிப் பதிவான ட்ரேஸ்நெட்டில் பார்த்தால் பழைய தேதியே இருக்கிறது. ஒவ்வொரு விற்பனைக்கும் வேண்டிய டிரான்ஸாக்ஷன் சான்றிதழ் எடுக்க முடியவில்லை, வாங்குகிறவர் சரக்கைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். மூன்று வாரம் குடோனில் கிடந்து, பாதிச் சாக்கைப் பிரித்து வண்டுக்குப் புடைக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து, கணினியில் தேதி மாறியதைக் கண்ணால் பார்க்காமல் நான் லாரிக்குச் சொல்வதில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் முருங்கைத் தோட்டத்துக்கு வீடியோ கால் ஆய்வாம். அதற்கென்று கேமரா ஏதாவது வாங்க வேண்டுமா?

வேண்டாம். சார்ஜ் நிறைந்த ஒரு ஃபோன், கூட ஒரு பவர் பேங்க், முந்தின நாளே சிக்னல் எங்கே அறுகிறது என்று தோட்டத்தைச் சுற்றி நடந்து பார்த்த அனுபவம், இவ்வளவு போதும். சிக்னல் இல்லாத மூலையை இடக்குறியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ‘இங்கே கால் கட்டாகும்’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சரியாக அந்த இடத்தில் கட்டாகி, அப்புறம் காரணம் சொன்னால் எந்த ஆய்வாளருக்கும் சந்தேகம் வரும்.

தொடங்கும்போது சர்வே கல்லைக் காட்டச் சொல்வார்கள். அங்கிருந்து வரப்போரமாக நடை. பக்கத்துக் காட்டுக்காரர் மருந்தடிப்பவர் என்றால் இடையில் எவ்வளவு விட்டிருக்கிறீர்கள், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வடிகிறது என்பதை நின்று காட்டுங்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை ஆய்வாளர்தான் சொல்வார். நீங்களாக வழி போட்டு அழைத்துப் போனால் மறுபடி முதலிலிருந்து நடக்கச் சொல்வார்.

போன ஆகஸ்டில் ஒரு பண்ணையை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாளையை, அதாவது தோட்டத்துக் கொட்டகையை, காட்டும்போது ஃபோன் இரண்டு முறையும் வலது பக்கமே திரும்பியது. ‘இடது சுவரைக் கொஞ்சம் காட்டுங்கள்’ என்றேன். ஆணியில் ஒரு கைத்தெளிப்பான் தொங்கியது, அதன் கீழே களைக்கொல்லி பாட்டில், பாதி காலி. குத்தகைக் காட்டுக்கு வாங்கியது என்றார். குத்தகைக் காடு ஒன்று இருப்பதே அதுவரை எந்தக் காகிதத்திலும் இல்லை! நேரில் போயிருந்தால் கதவைத் திறந்ததும் மூக்கே சொல்லியிருக்கும். ஃபோனில் வாடை வராது. அதனால்தான் ஊரடங்கு தளர்ந்ததும் நேரில் ஒரு தரம் வருவோம் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள்.

எங்கள் சரக்கு ஜெர்மனிக்குப் போகிறது. காகிதத்தை வைத்தும் வீடியோவிலும் செய்த ஆய்வை அவர்கள் ஏற்பார்களா?

ஐரோப்பிய ஒன்றியமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 2020 ஜூலையில் வந்த 2020/977 என்ற ஒழுங்குமுறை, முன்தேதியிட்டு மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. ரிஸ்க் குறைந்தவர்களுக்கு நேரடி ஆய்வுக்குப் பதில் ஆவண ஆய்வு போதும் என்றது. பிறகு அதன் காலத்தை நீட்டவும் செய்தார்கள். புகார் வந்த பண்ணை, மருந்து எச்சம் கண்டுபிடிக்கப்பட்ட சரக்கு, இவற்றுக்கு இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் உங்களிடம் வாங்குகிற நிறுவனத்துக்குத் தனி விதி இருக்கலாம், அதை அவர்களிடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

உள் ஆய்வாளர் நாற்பது வீட்டுக்குப் போக முடியவில்லை. ஃபோனில் கேட்டு படிவத்தை நிரப்பிவிட்டார். சரிதானே?

ஃபோனில் கேட்டது என்று படிவத்தின் தலையிலேயே எழுதியிருந்தால் பரவாயில்லை. ‘தோட்டத்தைப் பார்வையிட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அது பொய்ச் சாட்சி. உறுப்பினர் ஒவ்வொருவரின் தோட்டத்தையும் ஆண்டுக்கு இரண்டு முறை உள் ஆய்வு செய்ய வேண்டும். ஒன்று ஃபோனில் ஆகியிருந்தால் அடுத்ததைப் பயிர் நிற்கும்போதே நேரில் பாருங்கள். தெருவே அடைத்துக் கிடந்த நாளில் இருபது தோட்டம் பார்த்ததாக ஒரு தேதி போட்டிருந்த படிவத்தை நானே பிடித்திருக்கிறேன்.

வேப்பம்புண்ணாக்கு வண்டி வரவில்லை. மஞ்சள் இலை வெளுத்துப் போச்சு என்று ஒரு மூட்டை யூரியா போட்டுவிட்டேன். ஒரே ஒரு மூட்டை. சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும், தம்பி. எந்த வயல், எத்தனை சென்ட், என்ன தேதி என்று எழுதிக் கொடுங்கள். அந்த வயல் மாறுதல் காலத்துக்கு, அதாவது அங்ககம் என்று விற்க முடியாத காத்திருப்புக் காலத்துக்கு, திரும்பிப் போகும். ஓராண்டுப் பயிருக்கு அது விதைப்புக்கு முன் இரண்டு வருடம், நீண்ட காலப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று வருடம். வலிக்கும்தான். ஆனால் மற்ற வயல்கள் தப்பும். மறைத்து வைத்து உரக்கடை பில்லோ பக்கத்து வீட்டுக்காரரோ காட்டிக்கொடுத்தால், உங்களோடு குழு மொத்தத்தின் சரக்கும் நிற்கும். அதற்குப் பிறகு ஊருக்குள் நீங்கள் எப்படி நடப்பீர்கள்?

புண்ணாக்கு வராது என்று தெரிந்த அன்றே கேட்டிருந்தால் வேறு ஏதாவது யோசித்திருக்கலாம். கடையில் ‘ஆர்கானிக்’ என்று ஒட்டித் தரும் டப்பாவையும் கேட்காமல் வாங்காதீர்கள். இந்த ஊரடங்கில் அது அதிகமாகிவிட்டது.

பஞ்சாயத்திலிருந்து தெருவெல்லாம் பிளீச்சிங் தெளிக்கிறார்கள். லாரிக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் அடிக்கிறார்கள். சான்றுக்குப் பாதிப்பு வருமா?

தெருவில் அடித்தது காற்றில் வந்து உங்கள் சான்றைப் பறித்துவிடாது. இப்படித் தெருவில் தெளிப்பதால் பலன் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மே மாதம் சொல்லிவிட்டது. நம் ஊரில் நிறுத்தத்தான் ஆளில்லை. வேலியோர வரிசையில் நேராகப் பட்டிருந்தால் மட்டும் தேதியோடு குறித்து, படம் எடுத்து வையுங்கள்.

லாரிதான் கவலை. தளத்தில் ஈரம் காயுமுன் சாக்கை அடுக்கினால் குளோரின் சரக்கில் ஏறும். குளோரின் மருந்துகளின் மிச்சமாகக் குளோரேட் தங்கும், அதற்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூனில் பொருள்வாரியாக எச்ச வரம்பு போட்டுவிட்டது. ஆகவே நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, தார்பாய் விரித்து ஏற்றுங்கள். கழுவிய நேரத்தையும் வண்டி எண்ணையும் லோடிங் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் குடோனில் மேசை, தராசு துடைக்கும் கிருமிநாசினியில் குவாட்டர்னரி அம்மோனியம் வகை இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். அதன் எச்சத்தையும் அங்கே சோதிக்கிறார்கள்.

எள் ஏற்றுமதி செய்கிறோம். அங்ககச் சான்று இருந்தும் ஐரோப்பாவில் நிறுத்துகிறார்கள். கொரோனாவால்தானே?

இல்லை. கொரோனா நேரத்தில் வந்தது, கொரோனாவால் வந்தது அல்ல. 2020 செப்டம்பரில் பெல்ஜியம் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக எச்சரித்தது. சால்மொனெல்லா என்ற கிருமியை ஒழிக்க அடிக்கும் வாயு அது. அங்கே எள்ளுக்கு வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். வந்து சேரும் சரக்கில் பாதியைச் சோதிக்க வேண்டும் என்று அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் உத்தரவு போட்டது. அங்ககச் சான்று உள்ள எள்ளும் மாட்டியது. உங்கள் விவசாயி எதுவும் அடிக்காமல் இருந்திருக்கலாம். அறுவடைக்குப் பின் யார் குடோனில், யார் இயந்திரத்தில் சுத்தம் செய்தீர்கள் என்று பின்னோக்கித் தேடுங்கள்.

அமெரிக்காவுக்கு என்.பி.ஓ.பி. சான்று செல்லாதாமே?

2021 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை அபெடாவுடனான அங்கீகார ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. பழைய சான்று வைத்திருப்பவர்களுக்கு 2022 ஜூலை வரை அவகாசம். அதற்குள் அவர்கள் நாட்டு அங்ககத் திட்டமான என்.ஓ.பி.யின் அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனத்திடம் நேரடியாகச் சான்று வாங்க வேண்டும். 2021-லேயே விண்ணப்பியுங்கள், கடைசி நேரத்தில் ஆய்வாளர் கிடைக்க மாட்டார்.

நாங்கள் ஏழு பேர் சேர்ந்து சென்னைக்குக் காய்கறிப் பெட்டி அனுப்புகிறோம். எங்களுக்கும் இவ்வளவு காகிதம் தேவையா?

ஏற்றுமதி எண்ணம் இல்லையென்றால் பி.ஜி.எஸ்., அதாவது பங்கேற்பு உத்தரவாத முறை, போதும். குறைந்தது ஐந்து விவசாயிகள் இருந்தால் குழு தொடங்கலாம், ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்துச் சான்று சொல்வது. இந்த ஊரடங்கில் அதிகம் ஆடாமல் நின்றது அந்த முறைதான் என்பது என் எண்ணம். ஆய்வாளர் பக்கத்துத் தோட்டத்திலேயே இருக்கிறார், ஊரடங்கில் பயணத்துக்கு எடுக்கும் இ-பதிவு எதற்கு? முகக்கவசம் போட்டுக்கொண்டு வரப்பில் தள்ளி நின்று பார்த்தால் வேலை முடிந்தது. பெட்டியில் சான்றின் முத்திரை போடுவதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையின் அங்கக உணவு முத்திரையான ஜைவிக் பாரத் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

என் வீட்டுக்காரர் மே மாதம் கோவிட்டில் தவறிவிட்டார். சான்று அவர் பேரில். குழுவில் கேட்டால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள். நாலு வருட உழைப்பு மேடம்.

அம்மா, அப்படிச் சொன்னவர் தெரியாமல் சொல்லியிருக்கிறார். மாறுதல் காலக் கணக்கு நிலத்தைப் பொறுத்தது. நிலமும் அதே, செய்முறையும் அதே என்றால் பேரை மாற்றத்தான் வேண்டும், வருடங்களை இழக்க வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வர நாளாகும். அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே ஐ.சி.எஸ். மேலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள், இனி நிலத்தை நான் பார்க்கிறேன், விதிகளை ஏற்கிறேன் என்று. உறுப்பினர் ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து வாங்கி, ட்ரேஸ்நெட்டில் பேர் மாற்றச் சான்றளிப்பு நிறுவனத்துக்கு அவர்தான் எழுத வேண்டும். மறுத்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்குப் பண்ணைக் குறிப்பேடு வெறுமையாகத்தான் இருக்கும். அதை ஊகித்து நிரப்ப வேண்டாம், ‘ஆஸ்பத்திரியில் இருந்தார்’ என்று மட்டும் எழுதுங்கள். அழகாக இருக்கட்டும் என்று புது நோட்டில் நகல் எடுக்கவும் வேண்டாம். அதே நோட்டில், அவர் கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, இன்றைய தேதியை உங்கள் கையால் எழுதுங்கள். இன்று தண்ணீர் பாய்ச்சினீர்களா, களை எடுத்தீர்களா, அதை எழுதினால் போதும்.