உப்பின் மேல் ஒரு மைல்

அன்புள்ள ஐயா,

பழைய வண்டிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். பழைய காரைப் பட்டறையில் மாற்றி வேகம் கூட்டும் ‘ஹாட் ராட்’ கார்களைப் பற்றி எழுதியிருந்ததை என் மகனுக்கு வாசிக்கக் கொடுத்தது நான்தான். இப்போது அதுவே வீட்டில் பிரச்சினையாகிவிட்டது. பையன் டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. என் தம்பியிடம் கிடந்த ஆர்எக்ஸ் 100 பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, இன்ஜினை இறக்கி, திண்ணை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறான். ராத்திரியெல்லாம் அமெரிக்காவில் உப்புத் தரையில் ஓடும் வண்டிகளின் வீடியோ.

எனக்கு இரண்டு கேள்விகள். 1997லேயே ஒரு கார் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதாகச் சொல்கிறான். அப்படியென்றால் 1932ஆம் வருஷத்து ஃபோர்டைத் தூக்கிக்கொண்டு இன்னமும் எதற்காக அங்கே போகிறார்கள்? பரிசுப் பணமும் கிடையாதாமே? இரண்டாவது, இந்தப் பைத்தியத்தை நான் வளரவிடலாமா? போன வருஷம் எங்கள் ஊர் பைபாஸில் பந்தயம் விட்ட இரண்டு பையன்கள் செத்துப்போனார்கள். ஒருவன் இவனோடு பள்ளியில் படித்தவன்.

ச., ஈரோடு மாவட்டம்

அன்புள்ள ச.,

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவது கேள்வி என்பது கடிதத்தின் கடைசி வரியில் தெரிகிறது. அதற்குத்தான் இந்தப் பதில். ஆனால் முதல் கேள்வியைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். பொறுத்து வாசியுங்கள்.

மகன் சொன்னது சரி. 1997 அக்டோபர் 15 அன்று நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில், ஆண்டி கிரீன் என்ற பிரிட்டிஷ் போர் விமானி, த்ரஸ்ட் எஸ்எஸ்சி என்ற வண்டியை மணிக்கு 1,227 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். அதில் இருந்தவை இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் இன்ஜின்கள். அந்த வண்டியில் இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. ஜெட் தள்ளுகிறது, சக்கரம் கூடவே உருள்கிறது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மகன் ராத்திரியில் பார்ப்பது அதுவாக இருக்காது. யூட்டா மாநிலத்தில், வெண்டோவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பானவில் உப்புச் சமவெளியைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

பனியுகக் காலத்துப் பெரிய ஏரி ஒன்று வற்றி விட்டுப்போன உப்பு அது. குளிர்காலத்தில் அதன்மேல் மெல்லிய நீர் நிற்கும். மேல்பரப்பு உப்பு அதில் கரையும், காற்று நீரை இங்கும் அங்கும் தள்ளித் தள்ளி மட்டமாக்கும், கோடையில் நீர் போய்விட உப்பு மறுபடி கெட்டிப்படும். கொத்தனார் மட்டப்பலகை போட்டு இழுத்ததுபோல ஒரு தரை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பிரிட்டிஷ்காரர் மால்கம் கேம்பெல் 1935இல் மணிக்கு 300 மைலைத் தாண்டியது இங்கேதான். 1949 முதல் ஆகஸ்டில் ‘ஸ்பீட் வீக்’ என்ற வேகச் சாதனை வாரம் இங்கே நடக்கிறது.

அங்கே எல்லா வண்டிகளும் ஒரே சாதனைக்குப் போட்டி போடுவதில்லை. இன்ஜினின் கொள்ளளவு என்ன, உடல் எந்த வகை, எரிபொருள் சாதாரண பெட்ரோலா வேறு கலவையா என்று பிரித்துப் பிரித்து நூற்றுக்கணக்கான வகுப்புகள் வைத்திருக்கிறார்கள். சக்கரத்தையும் மூடிய நீள வண்டி ஸ்ட்ரீம்லைனர். சக்கரம் வெளியே தெரிந்தால் அது லேக்ஸ்டர். 1932இல் ஹென்றி ஃபோர்ட் மலிவு விலைக் காரில் கொண்டுவந்த வி8 இன்ஜினுக்கு, அதாவது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இன்ஜின் பிளாக்குக்குள் உட்கார்ந்திருக்கும் ‘ஃப்ளாட்ஹெட்’டுக்கு, எக்ஸ்எஃப் என்று தனி வகுப்பே உண்டு. புதிதாக வந்தபோது அதன் திறன் 65 குதிரைசக்தி. புகைபோக்கும் வழி பிளாக்கின் ஊடாகவே போவதால் சீக்கிரம் சூடேறும் குணம் அதற்கு. அந்தக் குறையோடு அது இன்னும் எவ்வளவு வேகம் தரும் என்பது இன்றைக்கும் முடியாத கேள்வி. ஆகவே 1932 ஃபோர்டோடு போகிறவர் ஜெட் வண்டியோடு போட்டி போடவில்லை. அதே இன்ஜினோடு இதற்கு முன்னால் மல்லுக்கட்டிய மனிதரோடு போட்டி போடுகிறார். அந்த மனிதர் பெரும்பாலும் அடுத்த கூடாரத்தில்தான் இருப்பார், ஸ்பேனர் கேட்டால் கொடுப்பார்.

ஒரு உதாரணம். 1965 நவம்பரில் சம்மர்ஸ் சகோதரர்கள் ‘கோல்டன்ராட்’ என்ற வண்டியில் நான்கு கிறைஸ்லர் இன்ஜின்களை வரிசையாக வைத்து மணிக்கு 409.277 மைல் போனார்கள். சக்கரத்தைச் சுழற்றி ஓடும் பிஸ்டன் இன்ஜின் வண்டிகளில் அப்போது அதுதான் உச்சம். அதை அல் டீக் முறியடித்தது 1991இல். அவருடைய வேகம் 409.986 மைல். கூடியது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஆனால் அவர் வண்டியில் இருந்தது ஒரே ஒரு இன்ஜின். நான்கு செய்ததை ஒன்று செய்வதற்கு 26 வருஷம் ஆகியிருக்கிறது. எனக்கு இந்த ஒரு கிலோமீட்டர், ஒலியைத் தாண்டிய வேகத்தைவிட நெருக்கமாக இருக்கிறது. ஒரு பட்டறையில் உட்கார்ந்து யோசித்த மனிதனை அதில் பார்க்க முடிகிறது.

பர்ட் மன்ரோவைப் பற்றி உங்கள் மகனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊர்க்காரர். 1920இல் ஓர் இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிள் வாங்கினார். ‘இந்தியன்’ அமெரிக்கக் கம்பெனியின் பெயர், நம் நாட்டு வண்டி அல்ல. 600 சிசி, அதிகபட்சம் மணிக்கு 55 மைல் போகும். அந்த ஒரே வண்டியை வாழ்நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருந்தார். பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனை, இரவில் இந்த வேலை. பிஸ்டன்களைப் பழைய டப்பாக்களில் உலோகத்தை ஊற்றித் தானே வார்த்தார். சிலிண்டர், ஃப்ளைவீல் எல்லாம் கைவேலை. நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டருக்குப் பதிலாக அவரிடம் இருந்தது சக்கரத்தின் பழைய ஆரக்கம்பி ஒன்று. உடைந்த பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் தூக்கி எறியவில்லை. கொட்டகையில் ஒரு அலமாரியில் அடுக்கி, ‘வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கை’ என்று எழுதி வைத்திருந்தார்.

1967இல், 68 வயதில், பானவில்லில் 1000 சிசிக்கு உட்பட்ட வகுப்பில் அவர் வைத்த சாதனை மணிக்கு 184.087 மைல், சுமார் 296 கிலோமீட்டர். அப்போது அந்த இன்ஜின் 950 சிசி வரை பெரிதாகியிருந்தது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பையனைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இரண்டாம் அடுக்கில் (வேகம் × வேகம்) கூடும். அதை வெல்லத் தேவையான சக்தி மூன்றாம் அடுக்கில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். 55இலிருந்து 184 என்பது 3.3 மடங்குக்கு மேல். வண்டியின் உருவம் மாறாமல் இருந்தால் சுமார் 37 மடங்கு சக்தி தேவை! எந்த இன்ஜினும் அப்படி வளராது. அதனால்தான் மன்ரோ மீன்போல வழவழப்பான கூடு ஒன்று செய்து வண்டியையும் தன்னையும் அதற்குள் அடைத்துக்கொண்டார். அவருக்கு வேகத்தில் பாதி இன்ஜினிலிருந்தும் மீதி அந்தக் கூட்டிலிருந்தும் வந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இதே தேடல்தான் கலிஃபோர்னியாவின் ஹாட் ராட் பையன்களையும் விமானத்தின் எரிபொருள் தொட்டியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டாம் உலகப்போரில் போர் விமானங்களின் அடியில் கூடுதல் எரிபொருளுக்காகத் தொட்டிகள் கட்டித் தொங்கவிடுவார்கள். காற்றைக் கிழிக்க வசதியாக நீர்த்துளி வடிவம். போர் முடிந்ததும் அவை பழைய இரும்புக் கடைக்கு வந்தன. பில் பர்க் என்பவர் 1946இல் அதில் ஒன்றை எடுத்து உள்ளே ஃபோர்ட் இன்ஜினை வைத்து நான்கு சக்கரம் மாட்டினார். ‘பெல்லி டேங்க்’ லேக்ஸ்டர் பிறந்தது. காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் வைத்து யாரோ செய்த ஆராய்ச்சியின் பலன் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. அதைக் கண்டுகொள்ள ஒரு கண் வேண்டும். ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பூட்டியது உங்கள் பக்கத்துக் கதைதானே. அந்தக் கண்தான் இதுவும்.

இனி பைபாஸ் விஷயம்.

1930களில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் பையன்கள் பந்தயம் விட்டுச் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஊர் அவர்களைக் காலிகளாகப் பார்த்தது. ஊருக்கு வெளியே மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் என்று காய்ந்த ஏரிப் படுகைகள் உண்டு. அங்கே போய் ஓட்டினால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் அங்கேயும் ஆரம்பத்தில் நான்கைந்து வண்டிகள் பக்கம்பக்கமாகக் கிளம்பும். முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவனுக்கு எதுவும் தெரியாது. மோதினார்கள், இறந்தார்கள். 1937இல் அந்தப் பையன்களின் மன்றங்களே ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தன. தென் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன். அந்தப் பெயரைக் கவனியுங்கள். ரேசிங் என்று அதில் இல்லை, டைமிங் என்று இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். எதிரே கடிகாரம் மட்டும். கிளம்பும் முன் வண்டியைச் சோதனை போடுவார்கள். பெல்ட், வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் கம்பிக் கூண்டு, தீயணைப்பான், தீப்பிடிக்காத உடை, வேகத்துக்கு ஏற்ப பின்னால் பாரசூட். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தச் சங்கத்தில் இருந்த வாலி பார்க்ஸ்தான் பிறகு 1951இல் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனைத் தொடங்கினார். தெருவில் இருக்கும் பையன்களை ஓடுதளத்துக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். இதைச் செய்தது போலீசோ அரசாங்கமோ அல்ல, வண்டிமேல் ஆசை வைத்தவர்கள்தான். இன்றைக்கும் பானவில்லில் ஒரு சாதனை வைக்க வேண்டுமென்றால் முதல் நாள் பழைய சாதனையைவிட வேகமாக ஓடித் தகுதி பெற வேண்டும். வண்டியைச் சங்கம் தன் காவலில் வைத்துக்கொள்ளும். மறுநாள் காலை மறுபடி ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. பிறகு இன்ஜினின் கொள்ளளவையும் அளந்து பார்ப்பார்கள். ஒரு தடவை உயிரைக் கொடுத்து முறுக்கினால் போதும் என்பவனுக்கு அங்கே இடமில்லை.

நீங்கள் கேட்ட பணம் உண்மையிலேயே அங்கே இல்லை. மணிக்கு 200 மைலுக்கு மேல் ஒரு சாதனை வைத்தவருக்கு 200 மைல் கிளப்பில் ஒரு சிவப்புத் தொப்பி. அதற்காகப் பத்திருபது வருஷம் உழைக்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலை வண்டியின் இண்டு இடுக்கெல்லாம் புகுந்த உப்பைக் கழுவுவது. விட்டால் துரு தின்றுவிடும்.

அந்த உப்பே குறைந்துகொண்டு வருகிறது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். கேம்பெலும் இன்னொரு சாதனையாளரான ஜான் காப்பும் ஓட்டிய காலத்தில் 13 மைல் வரை தடம் போட முடிந்தது. இப்போது அதில் பாதிக்கே திண்டாட்டம். பக்கத்தில் பல தலைமுறைகளாக உப்புநீரை வாய்க்கால் வெட்டி இழுத்து பொட்டாஷ் எடுக்கிறார்கள், நாம் வயலுக்குப் போடும் அதே உரம். உப்பு மெலிந்ததற்கு அதுவே காரணம் என்று வண்டிக்காரர்கள் பல வருஷமாகப் போராடுகிறார்கள். 1990களின் கடைசியில் உப்புநீரைத் திரும்பச் சமவெளியில் பாய்ச்சும் வேலை தொடங்கியது. போதவில்லை. 2014இல் மழைநீர் வடியாமல் ஸ்பீட் வீக் ரத்து. 2015இல் நல்ல உப்பே இல்லாமல் ரத்து. 2022இல் மறுபடி தண்ணீர். ஒரு வருஷ வேலையை டிரெய்லரில் கட்டிக்கொண்டு வரக் காத்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் அடுத்த ஆகஸ்டுக்கு மறுபடி பிஸ்டன் வார்க்கிறார்கள்.

உங்கள் மகனைத் தடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். இன்ஜினைத் திண்ணையில் பரப்பியிருக்கும் பையனைவிட, இன்ஜினுக்குள் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் ஆக்சிலேட்டரை முறுக்கும் பையனுக்காகத்தான் நான் பயப்படுவேன். ஆனால் ஒரு நிபந்தனையைத் தெளிவாகப் போடுங்கள். பூட்டிய வண்டி பைபாஸில் வேகம் பார்க்கக் கூடாது. இறந்துபோன அந்த நண்பனின் பெயரைச் சொல்லியே கேளுங்கள், அவனுக்குப் புரியும். வேகத்துக்கான இடம் உங்களுக்குத் தூரமில்லை. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800இன் இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய கரிவரதனின் பெயர் அதற்கு. கலிஃபோர்னியாவின் ஹாட் ராட் பையன்கள் செய்ததும் இதுதான், தெருவில் கிடைக்கும் இன்ஜினிலிருந்து தொடங்கினார்கள். பந்தயம் நடக்கும் நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டி ஓடுவதைவிட, ஓடும் முன் நடக்கும் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும் வழியில் அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம்.

இன்னொன்று. ஆர்எக்ஸ் 100இன் சிலிண்டர் போர், அதாவது உள்விட்டம், 50 மில்லிமீட்டர். திண்ணையில் கிடப்பது இப்போது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக, அளக்கச் சொல்லுங்கள். பக்கத்து லேத் பட்டறையில் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் இருக்கும், கேட்டால் தருவார்கள். ஆறு அளவுகளையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். சிலிண்டரைக் கடைந்து ரீபோர் போட வேண்டுமா, பிஸ்டன் ரிங் மாற்றினால் போதுமா என்று அவனோடு சேர்ந்து பார்க்கிறேன்.