உடம்பு வலி யார் வேலை?

கேள்வி: ஃப்ளூ வந்தால் வைரஸ் இருப்பது மூக்கு, தொண்டை, நுரையீரலில்தானே? அப்புறம் ஏன் கை கால் எல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது? இன்டர்ஃபெரான்தான் காரணம் என்கிறார்கள். அது வைரஸைக் கொல்லும் மருந்து மாதிரியா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வலிக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்தான். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள், ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் வந்துவிடும், ஃப்ளூ வைரஸ் உடம்பில் இல்லாமலேயே!

ஆனால் அது வைரஸைக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல் பக்கத்துச் செல்களுக்கு அனுப்பும் எச்சரிக்கை அது, அவ்வளவுதான். 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் இதைக் கண்டுபிடித்தார்கள். எச்சரிக்கை கிடைத்த செல்லில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வேலையைத் தொடங்கும், உண்மையில் சண்டை போடுவது அவை தரும் புரதங்கள். பிகேஆர் என்று ஒன்று, உள்ளே வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏ (வைரஸ் பெருகும்போது உருவாகும் மரபுப் பொருள்) தட்டுப்பட்டால் அந்தச் செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். செல்லுக்கும் அது நஷ்டம்தான், ஆனால் வைரஸுக்குத் தன் பிரதிகளைச் செய்ய வழியில்லாமல் போகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எம்எக்ஸ் என்ற புரதத்தின் கதை. 1960களின் தொடக்கத்தில் அதே லிண்டன்மன், மற்ற எலிகளைக் கொல்லும் அளவு ஃப்ளூ வைரஸைக் கொடுத்தும் ஏ2ஜி என்ற வகை எலிகள் சாகாமல் இருப்பதைப் பார்த்தார். காரணம் ஒரே ஒரு மரபணு. ஆய்வகங்களில் வளர்க்கும் பெரும்பாலான எலிகளில் அது பழுதாகிக் கிடக்கிறது, ஏ2ஜியில் ஒழுங்காக இருந்தது. இன்டர்ஃபெரான் வந்ததும் அந்த மரபணு தரும் எம்எக்ஸ்1 புரதம் ஃப்ளூ வைரஸைப் பெருக விடாது. நம்மிடமும் அதற்கு உறவான எம்எக்ஸ்ஏ இருக்கிறது.

சரி, வைரஸோடு மோதப் போகும் நோயெதிர்ப்புச் செல்லையே வைரஸ் தொற்றினால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. ஐஎஃப்ஐடிஎம்3 என்ற புரதம், செல்லுக்குள் வரும் வைரஸின் உறை செல்லின் சவ்வோடு ஒட்டி இணைய விடாது. பெரும்பாலான செல்கள் எச்சரிக்கை வந்த பிறகுதான் இதை நிறையச் செய்கின்றன. ஆனால் ஒருமுறை ஃப்ளூ வந்துபோன எலிகளின் நுரையீரலில் காவலுக்குத் தங்கிவிடும் நினைவு டி செல்கள் (முன்பு வந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள்), தொற்று முடிந்த பிறகும் ஐஎஃப்ஐடிஎம்3ஐக் கைவிடுவதில்லை. அதனால்தான் அடுத்த முறை ஃப்ளூ வரும்போது அவை சாகாமல் நின்று சண்டை போடுகின்றன.